பத்து வினாடிக்காக ஐந்து நாள்

பிப்ரவரி 4, புதன். டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கார் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. மென்பொருள் சோதனை செய்வது என் வேலை, ஓட்டுவது ஒரு வெள்ளை டொயோட்டா, அதற்கு ஆயில் மாற்றவும் கடைக்குத்தான் போவேன். என்னை இதில் இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே இருக்கட்டும். வயது 66. நான் 'சார்' என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறாய் என்று பார்ப்பார். அவர் என்னை 'கிட்' என்பார். எனக்கு 41.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். திரையில் ஏழெட்டு வண்ணத்தில் கோடுகள். "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, இந்தப் பச்சைக்கோடு ஏன் இங்கே குதிக்கிறது பார்" என்றார். அவருடைய கார் 10 வினாடி ஓடியதில் எஞ்சின், கியர்பாக்ஸ், எரிபொருள் எல்லாம் என்ன செய்தன என்ற பதிவு அது. எனக்கு எஞ்சின் தெரியாவிட்டாலும் பதிவு தெரியும், தினமும் அதைத்தானே பார்க்கிறேன். அப்படி ஆரம்பித்தது.

கார் என்னவென்றால் 1981 ஷெவர்லே மாலிபு வேகன். பழுப்பு நிறம், கதவுப் பிடி ஒன்று வேறு காரிலிருந்து வந்தது. மூடியைத் திறந்தால், விபத்தில் நசுங்கிய பிக்கப் டிரக் ஒன்றின் 5.3 லிட்டர் வி8 எஞ்சின், பழைய இரும்புக் கடையில் 700 டாலருக்கு வாங்கியது. அதன் மேல் தேங்காய் அளவு டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. டாஷ்போர்டுக்கு அடியில் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு அலுமினியப் பெட்டி. காரின் மூளை அதுதான்.

பெரியவர் ஆசை என்னவென்றால் ஹாட் ராட் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகைக்காரர்கள் 2005-ல் ஆரம்பித்த ட்ராக் வீக் (Drag Week) மாதிரி ஒரு பந்தயத்தில் கலந்துகொள்வது. ஐந்து நாள், ஏறக்குறைய 1000 மைல். பகலில் ஒரு ஊரில் கால் மைல் (402 மீட்டர்) பந்தயம், அப்புறம் அதே காரை நம்பர் பிளேட்டோடு சாதாரண சாலையில் ஓட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். டிரெய்லரில் ஏற்றக்கூடாது, பின்னால் உதவி வண்டி வரக்கூடாது, ஸ்பேனர் முதல் உதிரி டயர் வரை காரோடேயே கொண்டுபோக வேண்டும். அதில் 2019-ல் டாம் பெய்லி என்பவர் 6 வினாடிக்குள் ஓடிவிட்டார். தெருவில் ஓடி வந்த கார்! எங்கள் பயணம் இதற்கெல்லாம் ஒத்திகை மட்டுமே, ஃப்ளோரிடாவுக்குள் இரண்டு மைதானம்.

நெடுஞ்சாலையைத் தவிர்த்து 92-ம் எண் சாலையில் போனோம். பிளாண்ட் சிட்டியில் ஸ்ட்ராபெர்ரி பருவம், சாலையோரத்தில் ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் 7 டாலர், கரண்டி நட்டால் நிற்கும். காருக்குள் ஏசி ஓடியது. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நடுங்கிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு போவோம் என்று காதில் வைக்கப் பஞ்செல்லாம் எடுத்து வந்திருந்தேன். சிக்னலில் என் டொயோட்டா போலவே நின்றது. பெரியவர் சொன்னார், 1980-களில் அவர் வைத்திருந்த பந்தயக் கார் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் கொதித்துவிடுமாம். கார்புரேட்டரைப் பந்தயத்துக்கு ஏற்றபடி திருகி வைத்தால் தெருவில் இருமும், தெருவுக்குத் திருகினால் பந்தயத்தில் தூங்கும். எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். இப்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

லேக்லாண்டு தாண்டி ஒரு பூங்காவில் மதிய உணவு. மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். பெரியவர் சந்தேகமாக ஒரு வாய் வைத்தார். அப்புறம் என் பங்கிலும் பாதி போனது.

ஆர்லாண்டோவுக்குக் கிழக்கே பித்லோ என்ற இடத்தில் மைதானம். புதன் இரவுகளில் யார் வேண்டுமானாலும் தன் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். ஹெல்மெட், பெல்ட், கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கம்பி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். கார் புறப்படும் இடத்தில் தரையில் பசை மாதிரி ஒன்று தெளித்திருக்கிறார்கள், டயர் வழுக்காமலிருக்க. தெரியாமல் அதில் கால் வைத்தேன். கால் வந்தது, ஷூ வரவில்லை. ஒரு பையன் வந்து சிரிக்காமல் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனான், அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

பெரியவர் பின் டயரில் காற்றை 28-லிருந்து 16-க்கு இறக்கினார். லேப்டாப்பில் ஒரு பொத்தான், அவ்வளவுதான், கார் வேறு காரானது. நான் வெளியே நின்றேன். மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி, பச்சை வந்ததும், நிஜமாகவே நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டியது போல இருந்தது. சீட்டு கொடுத்தார்கள்: முதல் 60 அடி 1.52 வினாடி, கால் மைல் 10.49, மணிக்கு 131 மைல். காலையில் ஸ்ட்ராபெர்ரி ஷேக் குடித்த அதே கார்.

அடுத்த வரிசையில் ஒரு டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு. ஓட்ட வந்தவர் தெலுங்குக்காரர், முன்பின் பழக்கமில்லை, ஆனால் ஐந்து நிமிடத்தில் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்றெல்லாம் பேசிவிட்டோம். பின் சீட்டிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றிப் புல்லில் வைத்தார், மகனைக் கேலரியில் மனைவியிடம் விட்டார். திரையில் எதையோ தொட்டார், பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவரச் சில நிமிடம் எடுத்தது, கடைசியில் காரின் மூக்கு தானாகத் தாழ்ந்தது. அந்த நிலைக்குச் சீட்டா என்று பெயராம், சிவிங்கிப்புலி. சத்தமே இல்லை. டயர் தரையில் உரசும் 'ஸ்ஸ்' மட்டும். 9.41. திரும்பி வந்து குழந்தை இருக்கையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலை ஏழரைக்கு மீட்டிங்காம்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "வேர்வைகூட வரவில்லை அவனுக்கு" என்றார் அப்புறம்.

பிப்ரவரி 5, வியாழன். ஓகாலா போகும் வழி

இன்று முழுக்கக் கஷ்டம்.

441-ம் எண் சாலையில் மவுண்ட் டோரா தாண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். லீஸ்பர்க் அருகே கார் ஒரு குலுக்கு. யாரோ சாவியைத் திருகி அணைத்துவிட்டு உடனே போட்டது போல. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. மூன்றாவது தடவை அணைந்தே போனது. பெரியவர் அப்படியே உருட்டி, வேர்க்கடலை விற்கும் ஒரு கூடாரத்தின் முன் நிறுத்தினார்.

அவருடைய பழைய வழக்கப்படி முதலில் பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்று ஆரம்பித்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். பதிவில் எல்லாக் கோடும் ஒழுங்கு, எஞ்சின் சுற்று வேகம் மட்டும் 2100-லிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்து, ஒரு கண்சிமிட்டலில் மறுபடி 2100. கார் 55 மைலில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் எப்படி நின்று, உடனே அதே வேகத்தில் சுற்றும்? நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று பெட்டிக்கு யாரோ பொய் சொல்கிறார்கள். வேலையில் இதை நூறு முறை பார்த்திருக்கிறேன்: அளவு தப்பில்லை, அளப்பதில் கோளாறு.

கிராங்க் சென்சார், எஞ்சின் சுற்று வேகத்தை அளந்து பெட்டிக்குச் சொல்வது. எஞ்சினின் அடிப்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டர்போவுக்குப் போகும் சூட்டுக் குழாய் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. பெரியவர் மண்ணில் படுத்து டார்ச் அடித்தார். சென்சாருக்குப் போகும் பிளாஸ்டிக் சொருகி உருகி, மெழுகுவர்த்தியின் அடி மாதிரி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. மூன்று கம்பியில் ஒன்றின் உறை கருகித் தாமிரம் தெரிந்தது. எரிந்த பிளாஸ்டிக் நாற்றமும் பக்கத்துக் கொப்பரையில் வேகும் கடலையின் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறியது, இன்னும் போகவில்லை. பல ஆயிரம் டாலர் டர்போ, அதைவிட விலையான மூளை, எல்லாவற்றையும் இந்தச் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் நிறுத்திவிட்டது.

கடலைக்காரம்மா தன் மகனுக்குப் போன் செய்தார். அவன் தன் பிக்கப்பில் என்னை உதிரிபாகக் கடைக்குக் கூட்டிப் போனான், பதினைந்து மைல் போக, பதினைந்து மைல் வர. பெட்ரோல் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அம்மாவிடம் கடலை வாங்குங்கள், போதும்" என்றான். டிரக் எஞ்சின் என்பதால் சொருகி அலமாரியிலேயே இருந்தது, 19 டாலர். சூடு தாங்கும் உறை 24 டாலர். பெரியவர் சொல்வதுபோல் இதுதான் இந்த எஞ்சினின் பெரிய சௌகரியம். பந்தயக் கடையில் தனியாகச் செய்த பொருள் என்றால் தபாலில் வரும்வரை அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

காலை பத்தரைக்கு நின்ற கார் மாலை நாலே காலுக்குக் கிளம்பியது. அவித்த கடலை இரண்டு பை, பை 6 டாலர். இங்கே உப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வேகவிடுகிறார்கள், தோல் கொழகொழவென்று இருக்கும், கடித்தால் உப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். விழுப்புரம் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக வாங்கும் கடலைக்கு இது ஈடில்லை என்றாலும், பசியில் ஒரு பையைக் காலி செய்தேன்.

இரவு தங்கிய விடுதி அறையில் சிகரெட் வாடை. மாற்றித் தரச் சொன்னதற்கு, புகைக்கக் கூடாத அறை அது என்று பலகையைக் காட்டினார்கள். பலகைக்கு வாடை தெரியுமா என்ன.

பிப்ரவரி 6, வெள்ளி. ஓகாலா, மழை

ஓகாலாவில் கால் மைல் பந்தயத்தின் பழம்பெரும் வீரர் டான் கார்லிட்ஸின் ட்ராக் ரேஸ் மியூசியம் இருக்கிறது, 1984-லிருந்து. பெரியவருக்கு இது கோயில். வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கார்லிட்ஸ் தன் கார்களுக்கெல்லாம் ஸ்வாம்ப் ராட் என்றுதான் பெயர் வைப்பார், சதுப்பு நில எலி. 1970-ல் கலிஃபோர்னியாவில் புறப்படும் நேரத்தில் கியர்பாக்ஸ் வெடித்துக் கார் இரண்டாகப் பிளந்து, வலது பாதத்தில் பாதி போய்விட்டது. அதுவரை அந்த நீளக் கார்களில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் அதன் பின்னால், ஏறக்குறைய கியர்பாக்ஸைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எஞ்சினைப் பின்னால் தள்ளும் யோசனையோடு எழுந்தார். அடுத்த வருடமே அந்தக் கார் ஜெயித்தது, சில வருடத்தில் எல்லோரும் மாறிவிட்டார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு மாதிரிகளையும் பார்த்தபோது, முன்னதில் உட்கார யார் சம்மதித்தார்கள் என்றுதான் தோன்றியது.

ஒன்று என்னைக் கொஞ்சம் உலுக்கியது. 2014-ல், 82 வயதில், இதே மனிதர் பிராடன்டனில் மின்சாரக் கார் ஒன்றைக் கால் மைலில் மணிக்கு 184 மைலுக்கு ஓட்டியிருக்கிறார். புதன் இரவு டெஸ்லாவைப் பார்த்து முகம் சுருங்கிய பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்துதான் சுருங்கியிருக்கிறார்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கெயின்ஸ்வில்லில் இன்று மாலை ஓட்டுவதாக இருந்தது, ரத்து. அந்தப் பசைத் தரையில் தண்ணீர் பட்டால் பனிக்கட்டி மாதிரி, யாரையும் விடமாட்டார்கள். காரில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வாஃபிள் ஹவுஸில் வாங்கிய உருளைக்கிழங்குத் துருவலைச் சாப்பிட்டோம். வெங்காயம் போட்டு, சீஸ் போட்டு, மிளகாய் போட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல் இருக்கிறது, பரிமாறும் பெண் அதைக் கத்தினால் சமையல்காரர் எழுதாமலே செய்துவிடுகிறார். இருவருக்கும் 27 டாலர், டிப்ஸ் தனி.

சும்மா இருந்ததால் புதன்கிழமைப் பதிவைத் திறந்தேன். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது இதுதான். புறப்பட்ட பிறகு டர்போ எவ்வளவு அழுத்தத்தைத் தர வேண்டும் என்று நேரத்தை வைத்து ஒரு பட்டியல் இருக்கிறது: 0 வினாடியில் இவ்வளவு, 0.5-ல் இவ்வளவு, 1.0-ல் இவ்வளவு. பக்கத்திலேயே பின் சக்கரத்தைச் சுழற்றும் நீளத் தண்டின் வேகம். அந்தக் கோடு வழவழவென்று ஏற வேண்டும். 0.4 வினாடி அருகே முள் மாதிரி ஒரு குத்து. அந்த இடத்தில் டயர் வழுக்கியிருக்கிறது, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். காரின் மூளை உடனே தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினை அடக்கியிருக்கிறது, அடக்கியதால் மறுபடி வேகம் பிடிக்க நேரம் போயிருக்கிறது.

"அங்கே அழுத்தத்தைக் குறைத்தால் என்ன?" என்று கேட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பந்தயத்துக்கு வந்து குறைக்கச் சொல்கிறானே என்று.

பிப்ரவரி 7, சனி. கெயின்ஸ்வில்

மழை கழுவிவிட்ட வானம், காலையில் 8 டிகிரி. குளிர்ந்த காற்று கனமானது, எஞ்சினுக்குக் கொண்டாட்டம். ஆனால் தரையும் குளிர்ந்தால் டயர் பிடிக்காது என்று பதினோரு மணி வரை காத்திருந்தார்கள். பெரிய மைதானம் இது. 1992-ல் கென்னி பெர்ன்ஸ்டீன் என்ற வீரர் கால் மைல் பந்தயத்தில் முதன்முதலாக மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டியது இந்தத் தரையில்தான். நுழைய எனக்கு 15 டாலர், ஓட்ட அவருக்கு 35. ஹாட் டாக் 8 டாலர், அந்த விலையைத் தரமாட்டேன் என்று சொல்லும் அளவுக்குச் சுமார்.

எங்கள் பக்கத்தில் டாட்ஜ் டீமன். 2018 மாடல், 840 குதிரைத்திறன். இந்தக் காரில் ஏசியின் குளிர்ச்சியை ஓட்டுபவருக்குத் தராமல் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கத் திருப்பிவிட முடியும், கம்பெனியே செய்து கொடுத்தது. ஓட்டுநர் இருக்கை மட்டும் வைத்து விற்றார்கள், மற்ற இருக்கைகள் வேண்டுமென்றால் 1 டாலர். 9.65 வினாடியில் ஓடும் காரை ஷோரூமிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால், பாதுகாப்புக் கூண்டு இல்லை, ஓட்டக்கூடாது என்று பந்தயச் சங்கம் தடுத்த கதையும் உண்டு. 2023-ல் வந்த அதன் தம்பி 8.91. பெரியவர் இளமையில் இந்த நேரத்துக்குக் கனவுகூடக் கண்டதில்லையாம். இன்று கடன் கிடைத்தால் போதும், எவரும் வாங்கலாம். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புறப்படுவது, வழுக்கினால் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் காரே செய்துகொண்டால், ஓட்டுநர் இருக்கையில் ஆள் எதற்கு?

இன்னொரு பக்கம் ஒரு நோவா, அதுவும் பழைய ஷெவர்லே கார்தான், ஓட்டுபவர் பெரியவர் வயதுக்காரர், எஞ்சினில் கார்புரேட்டர். ஓடி வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்து அதன் நிறத்தைப் பார்த்தார். பெரியவரும் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் தலையாட்டினார்கள். என்ன புரிந்தது என்று கேட்டேன், "கொஞ்சம் பசியாக ஓடுகிறது" என்றார் பெரியவர், அதாவது எஞ்சினுக்கு எரிபொருள் கொஞ்சம் போதவில்லை. என் லேப்டாப் அதைத்தான் சொல்லும், கூடவே இரண்டு தசமம் சேர்த்து.

முதல் ஓட்டம் பழைய பட்டியலோடு. 60 அடி 1.51, மொத்தம் 10.45. அதே இடத்தில் அதே முள். அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "செய் கிட், ஆனால் கொஞ்சம்தான்." 0.4 வினாடியில் டர்போ அழுத்தம் 10 என்றிருந்ததை 8 ஆக்கினேன். ஒரே ஒரு எண். கை நடுங்கியது. அலுவலகத்தில் நான் தப்பு செய்தால் யாரோ ஒருவர் திட்டி மின்னஞ்சல் அனுப்புவார், இங்கே பக்கத்து வீட்டு மனிதர் அதற்குள் உட்கார்ந்து போகிறார்.

போனார். இம்முறை டயர் சத்தமே போடவில்லை, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சீராகக் கிளம்பியது. சீட்டு வாங்க அந்தச் சின்னக் கூண்டுக்கு நானே ஓடினேன். 60 அடி 1.44. மொத்தம் 10.24, வேகம் 132. குறைத்ததில் கால் வினாடிக்கு நெருக்கமாக மிச்சம்.

பெரியவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "முன்னெல்லாம் இதை நான் என் வலது காலில் செய்வேன். பத்துக்கு நாலு தடவை சரியாக வரும்" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. நோவாக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு கோக் எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு. வீடு

இன்று சாலையைத் தவிர எதுவுமில்லை. புதுச் சொருகி நன்றாக இருக்கிறது, மூன்று தடவை நிறுத்திக் குனிந்து பார்த்தோம். ஐந்து நாளில் முந்நூறு மைலுக்கு மேல். காரில் ஊற்றியது ஈ85, அதாவது பெரும்பகுதி எத்தனால். பம்புக்குப் பம்பு, பருவத்துக்குப் பருவம் அதில் எத்தனால் அளவு மாறும். குழாயில் ஒரு சென்சார் எத்தனை சதவீதம் என்று பார்த்துச் சொல்ல, மூளை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. பந்தயப் பெட்ரோலைவிடப் பல மடங்கு மலிவு, ஆனால் நிறையக் குடிக்கும், பம்பும் எல்லா ஊரிலும் இல்லை. ஓரிடத்தில் பம்பைத் தேடிப் பதினோரு மைல் சுற்றினோம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மனைவி கேட்டாள், சட்டையெல்லாம் என்ன ரப்பர் நாற்றம் என்று. பெரியவர் அவளிடம் புளிசாதம் எப்படிச் செய்வது என்று கேட்டு நின்றார், புளி எங்கே கிடைக்கும் என்பது வரை போனது.

மாலிபு போன்ற பழைய காரில் 10.00-க்குக் கீழே ஓட வேண்டுமென்றால் முழுக் கூண்டும் தனி லைசென்சும் வேண்டும். இன்னும் 0.24 வினாடிதான் இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இரவு எட்டு மணிக்குப் போன். அடுத்த மாதம் கூண்டு வெல்டிங் செய்யப் போகிறாராம், குழாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், சனிக்கிழமை எனக்கு என்ன வேலை என்று கேட்டார்.